தோளில் கழுகுச் சிறகு: நைஜீரியாவின் 2018 ஹோம் ஜெர்சியை இன்று வாங்கலாமா?

நைஜீரியாவின் 2018 உலகக் கோப்பை ஹோம் ஜெர்சியை, அதாவது அணியின் முதன்மைச் சட்டையை, மேசையில் விரித்துப் போட்டால், கண் முதலில் போக வேண்டியது நெஞ்சில் உள்ள சின்னத்துக்கு அல்ல, சட்டையின் கைக்கு. கறுப்பும் வெள்ளையுமாக அம்புமுனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கை அது. சிறகை மடக்கி உட்கார்ந்திருக்கும் கழுகைப் பக்கவாட்டில் பார்த்தால் இறகுகள் எப்படித் தெரியுமோ அப்படி இருக்கும். உடல் பகுதி பளிச்சென்ற பச்சை, அதன்மேல் வெள்ளை நெளிவுகள். நைக்கி செய்த இந்தச் சட்டையின் வரலாறு அந்தக் கையில் இருக்கிறது. தரம் அங்கேதான் தெரியும், போலி அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பழைய சட்டையாக வாங்கினால், முந்தைய உரிமையாளர் அதை எப்படித் துவைத்தார் என்பதையும் அந்தக் கையே காட்டிக்கொடுத்துவிடும்.

2018 பிப்ரவரியில் அறிமுகமாகி, ஜூன் 1-ஆம் தேதி இது விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் விலை 64.95 பவுண்டு. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருக்கும் நைக்கி கடை முன் நீண்ட வரிசை நின்றது. இணையத்தில் சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. முன்பதிவு மட்டும் 30 லட்சம் என்று நைஜீரியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. மறுநாளே வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிரான நட்புப் போட்டி. நைஜீரியா 1-2 என்று தோற்றது, அலெக்ஸ் இவோபி ஒரு கோல் போட்டார். அந்த ஆண்டு லண்டன் டிசைன் மியூசியத்தின் சிறந்த வடிவமைப்புகளுக்கான விருதுப் பட்டியலிலும் இந்த உடை இடம்பெற்றது.

நைக்கி அதன்பிறகு நைஜீரியாவுக்குப் புதிய வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டது. எனவே இன்று சந்தையில் கிடைப்பது மூன்று வகை: யாரோ அணிந்து விற்கும் பழைய சட்டை, சேகரிப்பாளர்கள் டேக் பிரிக்காமல் வைத்திருந்து கூடுதல் விலைக்கு விற்பது, டூப்ளிகேட். மூன்றாவதுதான் மிக அதிகம். வாங்க நினைப்பவர் அந்தக் கறுப்பு வெள்ளை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. காரணம், இந்தச் சட்டைக்குக் கொடுக்கிற விலையில் பாதி துணிக்கானது அல்ல, 1994-க்கானது.

அந்த ஆண்டு நைஜீரியா அடிடாஸ் சட்டை அணிந்திருந்தது. ஏப்ரல் 10, துனிஸ் நகரில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டி. எதிரே ஜாம்பியா. அதற்குக் கிட்டத்தட்ட ஓராண்டுக்கு முன், 1993 ஏப்ரலில், காபோன் கடற்கரைக்கு அருகே நடந்த விமான விபத்தில் ஜாம்பியா தன் அணியைக் கிட்டத்தட்ட முழுமையாக இழந்திருந்தது. புதிதாகத் திரட்டிய அந்த அணிதான் முதல் கோலையும் போட்டது. எம்மானுவேல் அமுனிகே இரண்டு கோல் அடித்து 2-1 என்று கோப்பையை நைஜீரியாவுக்குக் கொண்டுவந்தார். தொடரில் 5 கோலோடு முதலிடத்தில் இருந்தவர் ரஷீதி யெகினி. அந்த மாதமே ஃபிஃபா தரவரிசையில் நைஜீரியா 5-ஆம் இடத்துக்கு ஏறியது. எந்த ஆப்பிரிக்க அணியும் அதற்கு மேல் போனதில்லை.

பிறகு அமெரிக்காவில் உலகக் கோப்பை. நைஜீரியாவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. ஜூன் 21, டல்லாஸ், எதிரணி பல்கேரியா. 21-ஆம் நிமிடத்தில் யெகினி பந்தை வலைக்குள் தள்ளிவிட்டு, தானும் வலைக்குள் ஓடி, இரண்டு கைகளையும் அதன் கண்ணிகளுக்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டு கதறினார். உலகக் கோப்பையில் நைஜீரியாவின் முதல் கோல் அது. ஆட்டம் 3-0. இந்தத் தோல்விக்குப் பிறகு அதே பல்கேரியா அரையிறுதிவரை போனது என்பதைச் சேர்த்து யோசித்தால்தான் அந்த 3-0-இன் எடை புரியும். அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்று, கிரீஸை 2-0 என்று வென்று, நைஜீரியா தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில், பாஸ்டன் அருகே ஃபாக்ஸ்பரோவில், இத்தாலிக்கு எதிராக அமுனிகே 25-ஆம் நிமிடத்தில் போட்ட கோலை 88-ஆம் நிமிடம்வரை காப்பாற்றினார்கள். இத்தாலியின் ஜோலாவுக்குச் சிவப்பு அட்டை காட்டியிருந்தார்கள். பத்துப் பேரோடுதான் இத்தாலி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் பாக்கி இருக்கும்போது ராபர்ட்டோ பாஜ்ஜோ சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் பெனால்ட்டியிலும் அவரே. காலிறுதி கைக்கெட்டிய தூரத்தில் நழுவியது.

2018 சட்டை அந்த அணிக்குச் செய்யும் மரியாதை என்று நைக்கியே சொன்னது. பச்சை உடலும் சிறகு போன்ற கறுப்பு வெள்ளைக் கையும் 1994 சட்டையின் நினைவாக வந்தவை. ஆனால் அப்படியே நகல் எடுக்கவில்லை என்பதுதான் இந்த வடிவமைப்பின் சிறப்பு. தொண்ணூறுகளின் சட்டை தொளதொளவென்று இருக்கும், கை முழங்கைவரை தொங்கும். 2018-இல் கை குட்டையாகி, அம்புமுனைகள் பெரிதாகி, பச்சை வெளிறி மின்னுகிறது. பழையதைப் பார்க்காதவருக்கும் புதிதாகத் தெரியும், பார்த்தவருக்கு நினைவு வரும்.

வேறு ஆண்டுகளும் இருந்தன. விடுதலைக்கு முன் இந்த அணி சிவப்புச் சட்டை அணிந்தது. பெயரும் ‘ரெட் டெவில்ஸ்’. 1949-இல் இங்கிலாந்துக்கு ஆடப் போன நைஜீரிய வீரர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். திரும்பும் வழியில், அக்டோபர் 8 அன்று, ஃப்ரீடவுனில் சியரா லியோனை 2-0 என்று வென்றதுதான் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம். 1955-இல் அக்ராவில் கோல்ட் கோஸ்ட்டிடம், அதாவது இன்றைய கானாவிடம், 0-7 என்று தோற்றது இன்றுவரை அணியின் மிகப் பெரிய தோல்வி. 1960-இல் நாடு விடுதலையாகி, பச்சை-வெள்ளை-பச்சைக் கொடி வந்ததும் சட்டையும் பச்சையானது, பெயர் ‘கிரீன் ஈகிள்ஸ்’ ஆனது. 1980-இல் லாகோஸில், சொந்த மக்கள் முன்னால், அல்ஜீரியாவை 3-0 என்று வென்று முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்தார்கள். செகுன் ஒடெக்பாமி இரண்டு, முடா லாவல் ஒன்று. 1988 இறுதிப் போட்டியில் கேமரூனிடம் தோற்ற பிறகு வந்த பெயர்தான் ‘சூப்பர் ஈகிள்ஸ்’. அட்லான்டா ஒலிம்பிக்கில், 1996-இல், அரையிறுதியில் பிரேசிலை 4-3, இறுதியில் அர்ஜென்டினாவை 3-2 என்று வீழ்த்தித் தங்கம் வென்றதை 1994-க்கும் மேலாக வைப்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆப்பிரிக்கா கால்பந்தில் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஆனால் ஒரு சட்டையைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது என்றால், அது 1994-இன் சட்டைதான்.

இனி சட்டைக்கு வருவோம்.

இது இரண்டு விதமாக வந்தது. ஒன்று வீரர்கள் அணிவது போன்ற ‘வேப்பர்’, மற்றொன்று ரசிகர்களுக்கான ‘ஸ்டேடியம்’. வேப்பர் உடலை ஒட்டிப் பிடிக்கும். துணி மெல்லியது, தொட்டால் மேடு பள்ளம் தெரியும் பின்னல். வியர்வை துணியோடு ஒட்டாமல் இருக்க அந்த மேடுகள் உதவும். நைக்கியின் சின்னம் வெப்பத்தால் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்டேடியத்தில் அதே சின்னம் நூலால் எம்ப்ராய்டரி செய்யப்பட்டது. வெட்டு தளர்வானது, துணி சமதளமானது. தெருவில் போட, மேட்ச் பார்க்க, வாரத்துக்கு ஒருமுறை விளையாட ஸ்டேடியம் போதும். உண்மையில் அதுதான் நல்ல தேர்வு. வேப்பரின் பின்னல் எதிலாவது மாட்டினால் நூல் இழுத்துவிடும்: பையின் வெல்க்ரோ, மோதிரம், கைக்கடிகாரக் கொக்கி, கரடுமுரடான நாற்காலி, எதுவும் போதும். இழுபட்ட நூலைத் திரும்ப உள்ளே தள்ளலாம், தடம் போகாது. ஒட்டிய சின்னத்தின் ஓரமும் சில ஆண்டுகளில் தூக்கத் தொடங்கும். பழையதாக வாங்குகிறவர் வேப்பரைத் தவிர்ப்பது நல்லது.

சைஸில் பலர் ஏமாறுகிறார்கள். நைக்கியின் ஆண்கள் அளவில் மார்புச் சுற்று S-க்கு 88 முதல் 96 செ.மீ., M-க்கு 96–104, L-க்கு 104–112, XL-க்கு 112–124. இது உடம்பின் அளவு, சட்டையின் அளவு அல்ல. அக்குளுக்குக் கீழே டேப் வைத்து, மூச்சை இயல்பாக விட்டு அளந்துகொள்ளுங்கள். எல்லைக்கோட்டில் இருந்தால் ஸ்டேடியத்தில் பெரிய சைஸுக்குப் போகலாம். வேப்பர் என்றால் கண்டிப்பாக ஒரு சைஸ் கூட்டியே வாங்க வேண்டும். பழைய சட்டைக்கு டேக்கில் உள்ள எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். சட்டையைச் சமதளத்தில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை எத்தனை செ.மீ. என்று விற்பவரிடம் அளந்து சொல்லச் சொல்லுங்கள். அதை இரண்டால் பெருக்கி, உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு டி-ஷர்ட்டோடு ஒப்பிட்டாலே போதும். வயிறு சற்று முன்னே இருப்பவருக்கு இந்தச் சட்டையின் நெளிவுகள் அங்கே விரிந்து வளையும். ஒரு சைஸ் கூட்டினால் கோடுகள் நேராக விழும்.

போலியைக் கண்டுபிடிக்க, முன்பே சொன்னதுபோல், கையைப் பாருங்கள். வரிசையாக இதைச் செய்யலாம். சட்டையை நேராக விரித்து, இரண்டு கைகளையும் உடலுக்கு ஒரே சாய்வில் வையுங்கள். இடது கையின் அம்புமுனைகள் வலது கையில் கண்ணாடியில் பார்த்தது போலத் தெரிய வேண்டும். ஒரு கையில் முதல் கறுப்புப் பட்டை தையலிலிருந்து தொடங்கி, மறு கையில் இரண்டு விரல் தள்ளித் தொடங்கினால், துணியை வெட்டியவர் அச்சைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, கறுப்பைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலமோ பழுப்போ கலந்து தெரியக்கூடாது. வெள்ளை சாம்பலாக இருக்கக்கூடாது.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். கையைத் தூக்கி அக்குள் தையலைப் பாருங்கள். இத்தகைய வடிவங்களை ‘சப்ளிமேஷன்’ முறையில் அச்சிடுவார்கள்: காகிதத்தில் உள்ள சாயம் 190–200 டிகிரி வெப்பத்தில் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் போய் உட்காரும். முறையான தொழிற்சாலையில் துணியைத் துண்டு துண்டாக அச்சிட்டுப் பிறகுதான் தைப்பார்கள். மலிவாகச் செய்பவர்கள் வெள்ளைச் சட்டையாகத் தைத்துவிட்டு, முழுச் சட்டையையும் அச்சு இயந்திரத்தில் வைத்து அழுத்துவார்கள். அப்போது அக்குளில் விழும் மடிப்புக்குள் சாயம் போகாது. அங்கே கோணல்மாணலாக வெள்ளைக் கீறல் தெரியும். துணியை இழுத்துப் பார்க்கும்போது இழைகளுக்கு நடுவே லேசாக வெள்ளை எட்டிப் பார்ப்பது இந்த அச்சில் இயல்பு, அதை வைத்துப் போலி என்று சொல்லிவிடக்கூடாது. இழுக்காமலே வெள்ளை தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். ஸ்டேடியத்தில் எம்ப்ராய்டரியின் பின்புறம் அடர்த்தியாக, நூல் நுனி வெட்டப்பட்டு, சுத்தமாக இருக்கும். தொங்கும் நூலும், உரித்தெடுத்த காகிதத்தின் மிச்சமும் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே தைத்த சிறிய லேபிளில் ஆறு இலக்கம், ஒரு சிறு கோடு, மூன்று இலக்கம் என்று ஒரு எண் இருக்கும். கடைசி மூன்றும் நிறத்தைக் குறிப்பவை. அதை அப்படியே இணையத்தில் தேடினால் இதே சட்டையின் படம் வர வேண்டும். வேறு அணியின் சட்டையோ, ஷூவோ வந்தால் போலி. சரியான படம் வந்துவிட்டால் அசல் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது, ஏனென்றால் எண்ணையும் நகல் எடுக்கிறார்கள். இந்தச் சோதனை தள்ளுவதற்குத்தான் உதவும், ஏற்பதற்கு அல்ல. கையும் அக்குளும் தேறிய பிறகே லேபிளுக்குப் போங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டூப்ளிகேட் வாங்கும் லாகோஸ் ரசிகரைக் குறை சொல்ல இடமில்லை. அசலின் விலை அங்குள்ள சாதாரண உழைப்பாளிக்கு எட்டாத தொகை. சொந்த நாட்டு அணியின் சட்டையைச் சொந்தக் காசில் போட்டுக்கொள்ள அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பிரச்சினை, போலியை அசல் விலைக்கு விற்பது. அதைத்தான் தடுக்க வேண்டும்.

பெயரும் எண்ணும் அச்சிட ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஒட்டும் எண்களைச் சுமார் 150 டிகிரியில் பத்துப் பதினைந்து நொடி அழுத்துவார்கள். சாயத்தை ஆவியாக்கி ஏற்றிய துணி இது என்பதால், சூடு கூடினால் துணியின் பச்சை கிளம்பி வெள்ளை எண்ணுக்குள் ஏறிவிடும். உடனே தெரியாது, சில நாள் கழித்து எண் இளம்பச்சையாக மாறியிருக்கும். அச்சிடுபவரிடம் குறைந்த சூட்டில் ஒட்டும், சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ள ஃபிலிம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம். 2018 அணி என்றால் 10 ஜான் ஒபி மிகேல், 7 அகமது மூசா, 18 இவோபி. யெகினியின் 9-ஐ இந்தச் சட்டையில் போடுபவர்களும் இருக்கிறார்கள். வரலாறு தெரிந்தவருக்கு அது தவறாகப் படாது, ஆனால் பின்னாளில் விற்க நினைத்தால் விலை குறையும்.

துவைப்பதில்தான் நல்ல சட்டைகள் வீணாகின்றன. உள்பக்கம் திருப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், வாஷிங் மெஷினில் மென்மையான சுழற்சியில் போடுங்கள். ஜீன்ஸோடும் ஜிப் உள்ள துணியோடும் சேர்க்கக்கூடாது. கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி கூடவே கூடாது. அது இழையின்மேல் ஒரு படலமாகப் படிந்து வியர்வையை உறிஞ்சவிடாமல் செய்யும், நாற்றமும் அதற்குள்ளேயே தங்கிவிடும். பாலியெஸ்டர் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும் இழை. நாற்றம் ஏறிவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு குளிர்ந்த தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போலத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். ப்ளீச் வேண்டாம். டிரையரும் அயர்ன் பெட்டியும் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், நேர் வெயிலில் முதலில் வெளுப்பது அந்த மின்னும் பச்சைதான்.

விளையாடிவிட்டு ஈரமாகவே பையில் சுருட்டி வைப்பதுதான் மிகப் பெரிய கேடு. வியர்வையும் வெப்பமும் சேர்ந்து சட்டை தன்மீதே அழுந்திக் கிடக்கும்போது, கையின் கறுப்பு பக்கத்தில் உள்ள வெள்ளைக்குள் சாம்பலாகப் பரவும். அப்படிப் பரவியதை எடுக்க வழியில்லை. பழைய சட்டையைப் படத்தில் பார்த்து வாங்குகிறவர்கள், கையின் வெள்ளைப் பட்டைகளை அருகில் வைத்து எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் புதிதுபோல இருந்து கை சாம்பலாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அந்தச் சட்டையின் காலத்தில் அணி என்ன செய்தது என்று கேட்டால், பதில் சற்று வலிக்கும். ரஷ்யாவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் குரோஷியாவிடம் 0-2 என்று தோற்றார்கள். வோல்கோகிராடில் மூசா இரண்டு அழகான கோல்கள் போட்டு ஐஸ்லாந்தை 2-0 என்று வென்றார்கள். பிரிவின் கடைசி ஆட்டத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அர்ஜென்டினாவுக்கு எதிராக விக்டர் மோசஸ் பெனால்ட்டியில் சமன் செய்தார். 1-1 என்றே முடிந்திருந்தால் நைஜீரியா அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். 86-ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினாவின் மார்கோஸ் ரோஹோ கோல் போட்டு அதைக் கலைத்தார். ஃபாக்ஸ்பரோவில் 88, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 86.

அதே ஆண்டின் அவே ஜெர்சியை, அதாவது அணியின் மாற்றுச் சட்டையை, பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். முழுக்க அடர்பச்சை, பார்வைக்கு அடக்கமானது. ஹோம் சட்டைக்குப் பின்னால் எல்லோரும் ஓடியதால் இதற்குப் போட்டி குறைவு, போலியும் குறைவு. கையில் கறுப்பு வெள்ளை இல்லாததால் சாயம் பரவும் தொல்லையும் இல்லை. 1980-இல் லாகோஸ் பார்த்த பச்சைக்கு அது பக்கத்தில் நிற்கிறது. தினமும் போடுவதற்கு வாங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை அந்த அவே ஸ்டேடியம்தான். ஹோம் சட்டையை, கை சாம்பலாகாத ஒன்று கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். அலமாரியில் ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபட்டு அம்புமுனைகள் கோணும். கைகளுக்கு நடுவே வெள்ளைக் காகிதம் வைத்து, மடித்து வையுங்கள்.